ஆறு நிமிடம்: திருச்சி விமான நிலையத்துக்கு ஒரு பஸ் பயணத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு சிறு ஊரில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் பகுதியில் வீட்டுக்கு ஒருவராவது சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ இருப்பார். அவர்களுக்கு விமான நிலையம் என்றால் திருச்சிதான். சென்னை என்பது திருச்சியில் இடம் கிடைக்காதபோது மட்டும் வரும் பேச்சு.

இங்கே எழுதுவது என் கடையில் டிக்கெட் எடுத்த ஒரு குடும்பத்துக்கு 2024 ஜூலையில் நடந்தது. அந்த வீட்டு அம்மாவுக்கு வயது 63. மகள் சிங்கப்பூரில் இருக்கிறார், நிறைமாதம். பிரசவம் பார்த்துக்கொள்ள அம்மா போகவேண்டும். அதற்குமுன் விமானம் ஏறியதில்லை. வழியனுப்ப அவருடைய தம்பியும் இளைய மகனும் உடன் போனார்கள். பேராவூரணிக்கு அருகில் ஒரு கிராமம். பெயரோ வேறு அடையாளமோ வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். எழுத அனுமதி கொடுத்தார்கள்.

ஆறு நிமிடத் தாமதத்தில் அம்மா விமானத்தைத் தவறவிட்டார். இதில் நடந்த தவறுகளில் பாதி என்னுடையது. அதனால்தான் எழுதுகிறேன்.

விமான நிலையமும் அதன் சாலையும்

திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையில், நகரத்திலிருந்து சுமார் 5 கிலோமீட்டரில் இருக்கிறது. 2012இல் பன்னாட்டு விமான நிலையமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்து வெளிநாட்டுப் பயணிகள் அதிகம் போய்வரும் இடம் இதுதான். இன்னொரு விசேஷம், இங்கே உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகளே கூடுதல். பெரும்பாலானவர்கள் திருச்சிக்காரர்களும் அல்ல. தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருவாரூர், நாகப்பட்டினம், சிவகங்கை, அரியலூர், பெரம்பலூர் என்று சுற்றிலும் இருந்து வருகிறவர்கள்.

1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கட்டிய புதிய முனையத்தைப் பிரதமர் 2024 ஜனவரி 2ஆம் தேதி திறந்து வைத்தார். ஆண்டுக்கு 44 லட்சம் பயணிகளையும், நெரிசல் நேரத்தில் ஒரே சமயத்தில் சுமார் 3,500 பேரையும் கையாளலாம் என்பது கணக்கு. ஆனால் விமானங்கள் அங்கிருந்து கிளம்ப ஆரம்பித்தது 2024 ஜூன் 11ஆம் தேதிதான். இந்தக் குடும்பம் போனது அதற்கு அடுத்த மாதம். புதிய முனையம் சாலையிலிருந்து பழையதைவிட உள்ளே தள்ளி இருக்கிறது. டவுன் பஸ் நிற்பதோ சாலையில். பழைய முனையத்துக்கு ஆட்களை அனுப்பிப் பழகிய என் வாயில் "இறங்கினா எதிர்லயே இருக்கும்" என்ற வாக்கியம் இன்னும் மாறாமல் இருந்தது.

சரி, 5 கிலோமீட்டர் என்பதும் ஓர் ஏமாற்று எண்தான். அது திருச்சியில் இருப்பவருக்கு உள்ள தூரம். பேராவூரணியிலிருந்து வருகிறவருக்கு அந்தக் கடைசி 5 கிலோமீட்டருக்கு முன்னால் அரைநாள் பயணம் இருக்கிறது.

புறப்படும் முன்

விமானம் வெள்ளிக்கிழமை இரவு 7.40. கார் வைத்துப் போகலாமா என்று கேட்டேன். போக வர பல ஆயிரம் ஆகும், ஏற்கெனவே டிக்கெட்டுக்கே கடன், பஸ்ஸிலேயே போய்விடுகிறோம் என்றார்கள். நானும் வற்புறுத்தவில்லை. பகல் பயணம், மூன்று பேர், இரண்டு பெட்டிகள், கயிறு கட்டிய ஒரு அட்டைப்பெட்டி. பஸ்ஸில் போகக்கூடியதுதான். இப்போதும் அந்த முடிவைத் தவறு என்று சொல்லமாட்டேன்.

எங்கள் பக்கத்திலிருந்து திருச்சி விமான நிலையத்துக்கு இரண்டு வழி. ஒன்று, பட்டுக்கோட்டை, தஞ்சாவூர் வழியாகத் திருச்சி. இன்னொன்று, கீரமங்கலம், ஆலங்குடி வழியாகப் புதுக்கோட்டை போய் அங்கிருந்து திருச்சி பஸ். இரண்டாவது வழியில் பஸ் விமான நிலைய வாசலைத் தாண்டித்தான் நகரத்துக்குள் நுழைகிறது. நகரத்துக்குள் போகாமலே இறங்கிவிடலாம். முதல் வழியில் நகரத்துக்குள் புகுந்து திரும்பி வரவேண்டும். ஆனாலும் எங்கள் ஊர்க்காரர்கள் திருச்சி என்றாலே தஞ்சாவூர் வழிதான் நினைப்பார்கள். பஸ் அடிக்கடி கிடைக்கும், பழகிய வழி. எந்த வழியாகப் போகிறீர்கள் என்று நான் கேட்கவே இல்லை.

நான் சொன்னது இவ்வளவுதான்: "மூணு மணி நேரம் முன்னாடி அங்க இருக்கணும். 11 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பிடுங்க."

இரவு 12 மணிக்குப் பிறகு கிளம்பும் விமானமாக இருந்தால் தேதிக் குழப்பம் வரும் என்று ஒன்றுக்கு மூன்று தடவை சொல்லி அனுப்புவது என் வழக்கம். அந்தப் பள்ளம் எனக்குத் தெரிந்த பள்ளம். மாலை விமானம் என்றதும் என் கவனம் தளர்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை

கீழே உள்ள நேரங்களை யாருடைய ஞாபகத்திலிருந்தும் எடுக்கவில்லை. அந்த மகன் பஸ் டிக்கெட்டுகளை எல்லாம் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். டிக்கெட்டில் நேரம் அச்சாகியிருக்கும். மீதி அவருடைய செல்போன் அழைப்புப் பதிவிலிருந்து.

வெள்ளிக்கிழமை ராகு காலம் 10.30 முதல் 12 வரை. நான் சொன்ன 11 மணி அதன் நடுவில் விழுந்தது. முதல் தடவை கடல் தாண்டிப் போகிறவரை ராகு காலத்தில் யாரும் வாசல் தாண்டச் சொல்லமாட்டார்கள். ஒன்றரை மணி நேரம் முன்னால் கிளம்பியிருக்கலாம், ஆனால் சமையல் முடியவில்லை. 12.10க்குக் கிளம்பினார்கள். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டால் ஆய்வு எளிதாகிவிடும். ஆனால் என் ஊரில் தொழில் செய்துகொண்டு நாள்காட்டியைப் பார்க்காமல் நேரம் சொன்னது என் பிழை.

12.50க்குப் பேராவூரணியில் பஸ் ஏறி 3.10க்குத் தஞ்சாவூர் புதிய பஸ் நிலையம். 3.25க்குத் திருச்சி பஸ். துவாக்குடி வரை நன்றாகவே வந்திருக்கிறது. திருவெறும்பூரில் பெல் தொழிற்சாலை விடும் நேரம். அங்கிருந்து பால்பண்ணை வரை சர்வீஸ் ரோடு இல்லாத சாலை. சைக்கிள் முதல் லாரி வரை எல்லாம் ஒரே தடத்தில். பஸ் ஊர்ந்தது.

5.05 வாக்கில் டி.வி.எஸ். டோல்கேட். கண்டக்டர், "டோல்கேட் இறங்குறவங்க முன்னாடி வாங்க" என்று குரல் கொடுத்தார். புதுக்கோட்டைச் சாலை பிரிவது இதை ஒட்டித்தான். இங்கே இறங்கியிருந்தால் விமான நிலையம் ஆட்டோவில் பத்துப் பதினைந்து நிமிடம். மூவரும் இறங்கவில்லை. "கடைசி ஸ்டாப் வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்கோம், பஸ் ஸ்டாண்டுல போய் இறங்குவோம்" என்றாராம் தம்பி. அவரைக் குறை சொல்ல முடியாது. பஸ் நிலையம் போய் அங்கிருந்து டவுன் பஸ் பிடிக்கவேண்டும் என்று அவருக்குச் சொன்னதே நான்தான்.

5.20க்கு மத்திய பஸ் நிலையம். ஆட்டோவுக்கு 300 ரூபாய் கேட்டார்கள். மகன் கொடுத்துவிடலாம் என்றார். அம்மாதான் வேண்டாம் என்றார். வெள்ளைப் பலகை டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, மற்ற இருவருக்கும் சில்லறைக் காசுதான். விமானம் 7.40க்கு, இப்போது 5.20, இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறதே என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் கவுண்ட்டர் மூடும் நேரம் இல்லை. அது டிக்கெட்டில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பு, அதாவது 6.40க்கு, கவுண்ட்டர் மூடிவிடும். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. "மூணு மணி நேரம் முன்னாடி" என்று மட்டும் சொன்னால், அது ஜாக்கிரதைக்காகச் சொல்வது, கொஞ்சம் தாமதமானால் பரவாயில்லை என்றுதான் கேட்கிறவர் எடுத்துக்கொள்வார்.

டவுன் பஸ் டிக்கெட்டில் நேரம் 5.38. வந்த வழியே திரும்பிப் போய் அதே டோல்கேட்டை 5.50க்குத் தாண்டியிருக்கிறார்கள். இறங்காமல் விட்ட இடத்துக்கே 45 நிமிடம் கழித்து. சுப்பிரமணியபுரம் தாண்டி விமான நிலைய ஸ்டாப்பில் இறங்கியபோது 6.12.

இறங்கினால் எதிரிலேயே இல்லை. பழைய வாசலில் விசாரித்தார்கள். உள்ளே புது பில்டிங்குக்குப் போங்கள் என்று கை காட்டினார்கள். நடந்தார்கள். உருளும் பெட்டி இரண்டும் சமாளிக்கக்கூடியவை. அட்டைப்பெட்டிதான் பாரம்: பிரசவ லேகியம், சுக்கு, பூண்டு, வறுத்து அரைத்த பொடிகள், குழந்தைக்குத் துணிகள். அதை மகன் தோளில் வைத்துக்கொண்டார். அம்மாவுக்கு முழங்கால் வலி; இரண்டு இடத்தில் நின்று நின்று போனார்கள். முனைய வாசலுக்குப் போனபோது 6.36.

உள்ளே ஒருவர், வெளியே இருவர்

டிக்கெட் இல்லாதவர் முனையத்துக்குள் போக முடியாது. வாசலில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் பார்த்து அனுப்புவார்கள். வரிசை சிறியதுதான், ஆனாலும் சில நிமிடம் போனது. அம்மா மட்டும் தள்ளுவண்டியோடு உள்ளே போனார். கவுண்ட்டரைத் தேடி நின்றபோது 6.46. ஆறு நிமிடம் தாமதம்.

கவுண்ட்டரில் இருந்த பெண் தமிழ் பேசினார், மரியாதையாகத்தான் பேசினார் என்று அம்மா சொல்கிறார். ஆனால் "குளோஸ் ஆயிடுச்சும்மா" என்றால் என்ன என்று அம்மாவுக்குப் புரியவில்லை. விமானம் இன்னும் போகவில்லை, வெளியே நிற்கிறது, ஒலிபெருக்கியில் அழைக்கிறார்கள். பிறகு எப்படி மூடியிருக்கும்? ஏறுவதற்கு முன் ஒரு பட்டியல் முடிக்கப்படும், பெட்டிகளின் எடை ஏற்றப்படும், அதன்பின் ஒருவரைச் சேர்க்க முடியாது என்பதை அந்த நேரத்தில் யார் விளக்குவது? ஓரமாக ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். கூப்பிடுவார்கள் என்று நினைத்து உட்கார்ந்திருந்தார்.

அவருடைய செல்போன் அட்டைப்பெட்டிக்குள் இருந்த கைப்பையில். வெளியே இருந்த இருவரும் ஏழு மணி வரை நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா உள்ளே போய்விட்டார், வேலை முடிந்தது. ஏழேகாலுக்குத்தான் அம்மா யாரோ ஒரு பயணியின் செல்போனை வாங்கி மகனை அழைத்திருக்கிறார். மகன் என்னை அழைத்தார்: "அண்ணே, கவுண்ட்டர் மூடிட்டாங்களாம். அம்மா உள்ள தனியா உக்காந்திருக்காங்க."

உள்ளே போன பயணி தானாக வெளியே வந்துவிடவும் முடியாது. விமான நிறுவன ஊழியர் ஒருவர் கூட வந்து பதிவேட்டில் எழுதி விடவேண்டும். அந்த ஊழியர்களோ விமானத்தை அனுப்பும் வேலையில் இருந்தார்கள். விமானம் கிளம்பியபிறகு, 8 மணிக்கு மேல்தான் அம்மா வெளியே வந்தார். ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் என்ன ஆகிறதென்றே தெரியாமல் தனியாக இருந்திருக்கிறார். டிக்கெட் பணம் போனதைப் பற்றி அந்தக் குடும்பத்தில் யாரும் இப்போது பேசுவதில்லை. இதைத்தான் பேசுகிறார்கள்.

அன்றிரவு எடுத்த முடிவுகள்

நேரத்துக்கு வராத பயணி என்று பதிவாகிவிட்டது. அப்படி ஆனால் அடிப்படைக் கட்டணம் திரும்பாது. வரிகளும் விமான நிலையக் கட்டணமும் மட்டும் கேட்டு வாங்கலாம். அதற்கு அன்றே விண்ணப்பம் போட்டேன். வந்து சேர சில வாரம் ஆனது.

அடுத்து எப்போது போவது? மறுநாள் விமானத்தில் இடம் இருந்தது, விலை கடுமை. ஞாயிற்றுக்கிழமை அதே நேர விமானம் கொஞ்சம் குறைவு. மகளுக்கு மருத்துவர் சொன்ன தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்ததால் ஞாயிறு என்று முடிவு செய்தோம். விலை வித்தியாசத்தில் ஒரு பகுதியை நான் ஏற்றுக்கொண்டேன். நல்ல மனசு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, தவறான வழி சொன்னவன் நான்.

ஊருக்குத் திரும்புவதா, திருச்சியில் தங்குவதா என்பது அடுத்த கேள்வி. தம்பி திரும்பிவிடலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். இரவு பத்து மணிக்குக் கிளம்பினால் வீடு சேர விடியும். ஞாயிற்றுக்கிழமை மறுபடி அதே ஆறு மணி நேரம். அம்மாவின் முழங்காலும் ரத்த அழுத்தமும் அதைத் தாங்காது. பஸ் நிலையத்துக்கு எதிரில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தார்கள். சனிக்கிழமை அம்மா திருவரங்கம் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தார். அதன்பிறகுதான் முகம் கொஞ்சம் தெளிந்தது என்றார் மகன்.

நான் கிட்டத்தட்ட மறந்துபோன ஒன்று உண்டு. சிங்கப்பூர் போகிறவர்கள் இறங்குவதற்கு முன் மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்பவேண்டும். வெள்ளிக்கிழமை பயணத்துக்கு நிரப்பிக் கொடுத்தது பழைய தேதியோடு இருந்தது. சனிக்கிழமை இரவு படுக்கப்போகும்போது ஞாபகம் வந்து, எழுந்து, புதிய தேதியும் புதிய விமான எண்ணும் போட்டு மறுபடி அனுப்பினேன். விமானம் தவறியவருக்கு டிக்கெட் மாற்றினால் மட்டும் போதாது. தேதி எழுதிய எல்லாத் தாளையும் ஒருமுறை பார்க்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை

அறையிலிருந்து 3 மணிக்கு ஆட்டோ. முனைய வாசல் வரை போய் இறக்கவேண்டும் என்று பேசி ஏறினார்கள். 3.25க்கு வாசலில். செல்போன் கையில், பாஸ்போர்ட் தனிப் பையில். கவுண்ட்டர் திறக்கும் முன்பே அம்மா வரிசையில் நின்றார். அதே பெண்தான் அன்றும் இருந்தாராம். அடையாளம் கண்டுகொண்டு சிரித்தாராம். மகளுக்கு ஒன்பது நாள் கழித்து ஆண் குழந்தை.

நேரம் எங்கே போனது

டிக்கெட்டுகளை மேசையில் பரப்பிவைத்துப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது திருவெறும்பூர் நெரிசல். ஆனால் அது அரை மணி நேரம்கூட இல்லை. வெள்ளிக்கிழமை மாலை அந்தச் சாலையில் அது எதிர்பார்க்கவேண்டியதுதான். ராகு காலத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. அதுவும் முன்கூட்டித் தெரிந்தது.

தவிர்த்திருக்கக்கூடியது டோல்கேட்டில் தொடங்கி டோல்கேட்டில் முடிந்த அந்த 45 நிமிடம். அதோடு ஸ்டாப்பிலிருந்து நடந்த 24 நிமிடம். இரண்டும் சேர்ந்தால் 69 நிமிடம், அவர்கள் தவறவிட்டது 6 நிமிடத்தில். டோல்கேட்டில் இறங்கி ஆட்டோ பிடித்திருந்தால் 5.30க்குள் வாசலில் இருந்திருப்பார்கள். ஆட்டோவும் அங்கிருந்து கால்வாசித் தூரமாவது குறைவு, 300 கேட்டிருக்கமாட்டார்கள்.

நகரத்துக்காரர் வரைந்த வழி இது. நகர மையத்தில் பஸ் நிலையம், அங்கிருந்து விமான நிலையத்துக்கு டவுன் பஸ். மையத்தில் குடியிருப்பவருக்குச் சரி. வெளியூரிலிருந்து வருகிறவரை மையத்துக்கு இழுத்துக் கொண்டுபோய்த் திருப்பி அனுப்புவதில் பொருள் இல்லை. இந்த விமான நிலையத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் வெளியூர்தான் என்பதுதான் இதில் வேடிக்கை.

இப்போது செய்வது

டிக்கெட் அச்சடித்த தாளின் மேல் ஓரத்தில் ஸ்கெட்ச் பேனாவால் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன்: கவுண்ட்டர் மூடும் மணி, எங்கே இறங்குவது. விமானம் கிளம்பும் மணியை நான் எழுதுவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும், அதுதான் தொந்தரவே.

பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து ஆட்களைப் புதுக்கோட்டை வழியாக அனுப்புகிறேன். பாயின்ட் டு பாயின்ட் பஸ்ஸில் ஏறவேண்டாம், அது நடுவில் நிற்காது, சாதாரண பஸ்ஸில் ஏறி "ஏர்போர்ட்" என்று டிக்கெட் கேளுங்கள் என்று சொல்லிவிடுவேன். தஞ்சாவூர் வழியாகத்தான் போவேன் என்பவருக்கு டோல்கேட். கடைசி ஒரு துண்டுக்கு ஆட்டோ கட்டாயம். காசு மிச்சம் பிடிக்க வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். புறப்படும் நேரம் சொல்லும்போது சுவரில் தொங்கும் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டே சொல்கிறேன்.

2025 ஜூலையில் வெளியூர் பஸ்கள் பஞ்சப்பூரில் கட்டிய புதிய பேருந்து முனையத்துக்கு மாறிவிட்டன. அது மதுரைச் சாலையில், பழைய பஸ் நிலையத்தைவிட இன்னும் தள்ளி. டோல்கேட்டில் இறங்கத் தவறினால் இப்போது இழப்பது 45 நிமிடத்தோடு நிற்காது. தாளில் "டோல்கேட்" என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு போடுகிறேன்.

முதல் தடவை தனியாகப் போகும் வயதானவர் உள்ளே போனபின் நம் தொடர்பு விட்டுப்போவதைத் தடுக்க இன்னும் முழு வழி காணவில்லை. செல்போனைக் கழுத்தில் மாட்டி அனுப்புகிறோம். பெட்டி போட்டு போர்டிங் பாஸ் கையில் வாங்கியதும் அழைக்கவேண்டும், அந்த அழைப்பு வரும்வரை வழியனுப்ப வந்தவர்கள் வாசலை விட்டு நகரக்கூடாது என்று சொல்கிறேன். டீக்கடைக்குக்கூட.